பல வருடம் நின்ற 67 மஸ்டாங்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

அப்பாவோ பெரியப்பாவோ வாங்கி ஓட்டிய பழைய அமெரிக்க வி8 கார் ஒன்று கராஜில் தூசி படிந்து நிற்கிறது, அதை வீட்டிலேயே சரிசெய்து ஓட வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் முதலில் கை போவது ஸ்பேனருக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். மொத்தக் காரையும் கழற்றிப் போட்டுவிட்டால் எது முன்பே கெட்டிருந்தது, எது கழற்றும்போது கெட்டது என்பது தெரியாமலே போய்விடும். இங்கே மிச்சிகனில் "பாதி வேலை முடிந்தது" என்று விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள், பாடி ஒரு மூலையில், அட்டைப்பெட்டிகள் இன்னொரு மூலையில், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒரு அறிகுறியை எடுத்து, அதற்கான சோதனையைச் செய்து, காரணம் உறுதியான பிறகு மட்டும் பாகத்தை மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றவே வேண்டாம், எது பலன் கொடுத்தது என்று பிறகு சொல்ல முடியாது.

கீழே எழுதியிருப்பது எங்கள் பெரியப்பாவின் 1967 ஃபோர்டு மஸ்டாங்கை வைத்து: 289 கன அங்குல வி8, இரட்டைத் தொண்டை ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் அவர் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 65 முதல் 68 வரையிலான மஸ்டாங்குகளுக்கு இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். 67 மாடலில் மட்டும் 4,72,121 கார்கள் தயாரானதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை, ஏறக்குறைய எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. பாகம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று கண்டதையும் வாங்கி மாட்டும் பழக்கம் வருவதும் அதனால்தான்.

ஏலத்தில் எடுத்த காருக்கு இல்லாத ஒரு வசதி குடும்பக் காருக்கு உண்டு. அதை ஓட்டியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதனால் டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் போனை எடுங்கள். கடைசியாக ஓடியபோது எப்படி நின்றது, தானாக நின்றதா, நிறுத்திவிட்டு மறந்துபோனார்களா? எஞ்சினை யாராவது பிரித்தார்களா? ரேடியோ யார் மாட்டியது, ஒயர் எங்கிருந்து இழுத்தார்கள்? வெயிலில் சூடாகுமா, மழையில் எந்தப் பக்கம் நனையும்? டாஷ்போர்டு பெட்டிக்குள் (குளோவ் பாக்ஸ்) பழைய சர்வீஸ் பில் ஏதாவது கிடக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் எந்த மீட்டர் காட்டுவதைவிடவும் அதிகமாகச் சொல்லும். அண்ணன் அக்காமார் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கீழே பல இடங்களில் அது கைகொடுக்கும்.

அப்புறம் வின் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை கொடுத்த அடையாள எண். 7-இல் தொடங்கினால் 67 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெடச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி வகை: 01 ஹார்ட்டாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வெர்ட்டிபிள். அதற்கடுத்த எழுத்து சி என்றால் இரட்டைத் தொண்டை 289, ஏ என்றால் நான்கு தொண்டை. பாகம் ஆர்டர் செய்யும்போது இது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பானெட்டுக்குள் இப்போது இருக்கும் எஞ்சின் பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது, தொழிற்சாலையிலிருந்து என்ன நிறத்தில், என்னென்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்று ஃபோர்டின் பதிவுகளிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். குடும்பத்துக்கு அது ஒரு நல்ல பொக்கிஷமும்கூட.

ஜாக்கி போடும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். மிச்சிகன் போல குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் ஊரில் ஓடிய கார் என்றால் அடியில் இருக்கும் ஃப்ரேம் ரெயில் வெளியே பெயின்ட் பளபளப்பாகவும் உள்ளே அப்பளமாகவும் இருக்கலாம். ஸ்டாண்ட் வைக்கப்போகும் இடத்தை முதலில் ஒரு திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே ஸ்டாண்ட் வைக்காதீர்கள், அந்தக் காரின் கீழே படுக்கவும் படுக்காதீர்கள்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது

பல வருடம் நின்ற எஞ்சின் என்றால் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்லும் முன் எஞ்சின் சுற்றுகிறதா என்று கையால் பார்க்க வேண்டும். எட்டு பிளக்கையும் கழற்றுங்கள், எந்த பிளக் எந்த சிலிண்டருடையது என்று எழுதி வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ஓட்டையிலும் துருவை இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு முன்பக்கம் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்ட சாக்கெட்டை வைத்து மெதுவாகத் திருப்புங்கள். சுற்றினால் நிம்மதி. சுற்றவில்லை என்றால் பலம் போடாதீர்கள், இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், முன்னும் பின்னும் துளித்துளியாக அசையுங்கள்.

எஞ்சின் கையால் சுற்றுகிறது, செல்ஃப் மட்டும் அடிக்கவில்லை என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்பக்க ஃபெண்டரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போங்கள். ஃபோர்டில் அது செல்ஃப் மோட்டார் மேல் இருக்காது, தனியாகத்தான் இருக்கும், நமக்கு அது பெரிய சௌகரியம். இரண்டு பெரிய முனை, எஸ், ஐ என்று இரண்டு சின்ன முனை. கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் இழுத்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரை எஸ் முனையில் ஒரு நொடி தொடுங்கள். செல்ஃப் அடித்தால் ரிலேயும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சாவி சுவிட்சிலோ கியர்பாக்ஸில் இருக்கும் நியூட்ரல் சுவிட்சிலோ இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள், பார்க்கில் அடிக்காதது நியூட்ரலில் அடித்தால் அந்த சுவிட்சைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே போதும்.

எஸ் முனையில் தொட்டும் டக் டக் என்று மட்டும் கேட்டால் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெற்று இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது. எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக்குப் போகும் சின்ன எர்த் பட்டையையும் விடாதீர்கள். பழைய காரில் பாதி மர்மக் கோளாறு அந்தப் பட்டை இல்லாததால் வருவது, யாராவது எஞ்சினைக் கழற்றி மாட்டியபோது திரும்பப் போட மறந்திருப்பார்கள்.

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பல வருடம் நின்ற காரில் இதைச் செய்வதற்கு முன்னால் ஆயில் பம்பை ஓட்டி பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்றிவிட வேண்டும். 289-இல் டிஸ்ட்ரிபியூட்டர்தான் ஆயில் பம்பைச் சுற்றுகிறது, நடுவில் கால் அங்குல அறுகோணக் கம்பி ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டர் கழற்றும் முன் ரோட்டார் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கால் அங்குல சாக்கெட்டை நீளமான கம்பியில் மாட்டி, டிரில் மெஷினால் இடப்பக்கமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பிரஷர் ஏறியதும் டிரில் திணறுவது கையிலேயே தெரியும். சாக்கெட் கழன்று உள்ளே விழாதபடி டேப் சுற்றிவிடுங்கள், அறுகோணக் கம்பியும் சாக்கெட்டோடு மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனில் விழுந்தால் பேனையே இறக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். ஆயில் அளவு அதிகமாகி பெட்ரோல் வாசம் அடித்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல், பம்பை மாற்றாமல் அந்த எஞ்சினை ஓட்டவே கூடாது.

சரி, இப்போது பெட்ரோல். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசம் அடிக்கும், அதை கார்புரேட்டர் பக்கமே விடாதீர்கள். பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, புதுப் பெட்ரோல் இருக்கும் ஒரு சின்ன கேனிலிருந்து குழாய் போட்டு எஞ்சினை முதலில் ஓட்டிப் பாருங்கள், டேங்க் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறிப் பொடிந்து தீ விபத்துவரை போகும். 30ஆர்9 என்று பொறித்த ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டை, அதாவது காயிலுக்கான மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் முனைகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற காரில் பாயின்ட் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும், ஒரு கெட்டி அட்டைத் துண்டை நடுவில் விட்டு உரசினாலே பல தடவை உயிர் வந்துவிடும். இடைவெளி 0.017 அங்குலம், அதாவது 0.43 மில்லிமீட்டர், ட்வெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் 26-லிருந்து 31 டிகிரிக்குள். பிளக் இடைவெளி 0.034 அங்குலம்.

ஸ்பார்க்கும் நன்றாக இருந்து, கார்புரேட்டரிலும் சைலன்சரிலும் பட் பட் என்று வெடித்தால் பிளக் ஒயர் வரிசையைச் சரிபாருங்கள். 289-க்கு 1-5-4-2-6-3-7-8. பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. ஆனால் இங்கேதான் வீட்டாரிடம் கேட்ட கேள்வி உதவும். யாராவது நடுவில் எஞ்சினைப் பிரித்து 351 விண்ட்சர் எஞ்சினுக்கான கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாதிரி ஒன்றைப் போட்டிருந்தால் வரிசை 1-3-7-2-6-5-4-8 ஆகிவிடும், மானுவலில் போட்டிருக்கும் வரிசைப்படி மாட்டிவிட்டு நாள் முழுக்க முட்டிக்கொண்டிருப்பீர்கள். எந்த கேம் என்று சொல்ல ஆளில்லை என்றால் எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றி, எந்த சிலிண்டரின் வால்வு எந்த வரிசையில் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறிக்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இதற்கே கார்புரேட்டர், காயில், பம்ப் என்று எல்லாவற்றையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு ரிலேயின் ஐ முனை வழியாக பேட்டரி வோல்ட்டேஜ் நேராகப் போகிறது. சாவியை விட்டதும் அந்த வழி மூடி, டாஷ்போர்டுக்கு அடியில் ஓடும் ஒரு இளஞ்சிவப்பு ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாகக் குறைந்த வோல்ட்டேஜ் போகும். அந்த ஒயர் அறுந்தாலோ அதன் இணைப்பு கழன்றாலோ இந்தக் கதைதான். சாவி ஆன், பாயின்ட் மூடிய நிலையில் காயிலின் பாசிட்டிவில் சுமாராக 5 முதல் 8 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் ஒயரைத் தேடுங்கள், ரேடியோ மாட்டியவர் அதே இடத்தில்தான் கை வைத்திருப்பார்.

அவசரத்துக்கு பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சோதனைக்கு இரண்டு நிமிடம் சரி. அப்படியே ஓட்டினால் பாயின்ட் கருகிவிடும், காயிலும் கொதிக்கும். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் யூனிட் போட்டிருந்தால் கணக்கு வேறு, அதில் பல யூனிட்டுகளுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், அதோடு வந்த தாளைப் படித்துச் செய்யுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது

எஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் தள்ளுங்கள். இரண்டு தொண்டையிலும் பெட்ரோல் தெளிவாகப் பீய்ச்ச வேண்டும். வெறும் சொட்டு வந்தாலோ ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் காய்ந்துபோயிருக்கிறது. 2100 கார்புரேட்டர் மிக எளிமையான சாதனம், வீட்டு மேஜையில் வைத்துப் பிரித்துக் கழுவி கிட் போடலாம். அதை வீசிவிட்டுப் புதுசாகப் பெரிய நான்கு தொண்டை கார்புரேட்டர் வாங்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், இந்த எஞ்சினுக்கு அளந்து செய்தது இதுதான்.

பீய்ச்சுவது சரியாக இருந்தால் வாக்யூம் லீக், அதாவது எங்கோ வழி தவறிக் காற்று உள்ளே போகிறது. காய்ந்து வெடித்த ரப்பர் ஹோஸ்கள், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்பேசர் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ். ஒவ்வொரு ஹோஸாக மூடிப் பார்த்தால் ஐடிலிங் மாறும் இடத்தில் திருடன் இருக்கிறான். ஐடிலிங்கில் கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும் சேர்ந்து வந்தால் பவர் வால்வு கசிகிறது அல்லது ஃப்ளோட் உயரம் தப்பு.

புகை

ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும், ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஓடும்போது விடாமல் நீலப் புகை என்றால் கம்ப்ரெஷன் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங்க்கைப் பற்றி யோசியுங்கள்.

வெள்ளைப் புகை வந்ததும் எல்லோரும் ஹெட் கேஸ்கட் என்றுதான் சொல்வார்கள். கூலன்ட் குறைந்து, இனிப்பான வாசம் வந்தால் அப்படித்தான். ஆனால் கூலன்ட் குறையவே இல்லை, கியர் வேறு முரட்டுத்தனமாக மாறுகிறது, கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் மாயமாகக் குறைகிறது என்றால் ஹெட்டைத் தொடாதீர்கள். சி4 கியர்பாக்ஸின் பின்பக்கம் வாக்யூம் மாடுலேட்டர் என்று ஒரு சின்னத் தகரப் பொருள், எஞ்சின் மேனிஃபோல்டிலிருந்து அதற்கு ஒரு ஹோஸ் வருகிறது. அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் எஞ்சின் அந்த ஹோஸ் வழியாகவே கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். மாடுலேட்டரின் விலை ஹெட் வேலையின் கூலிக்குப் பக்கத்திலேயே வராது. திரும்ப ஊற்றும்போது அந்தக் காலத்து ஃபோர்டு சொன்ன டைப் எஃப் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

மேலே டிக் டிக், முன்னே கரகர

ஹைட்ராலிக் லிஃப்டர்கள் நின்றே இருந்ததால் காலியாகியிருக்கும். எஞ்சின் சூடாகி ஆயில் ஏறியதும் டிக் டிக் அடங்கினால் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் மட்டும் நிற்காமல் அடித்து, ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் ராக்கர் கவரைத் திறந்து எல்லா ராக்கரும் ஒரே அளவு அசைகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் குறைவாக எழும்பினால் கேம் முனை தேய்ந்துவிட்டது. இந்த எஞ்சினில் லிஃப்டர் கேமின் மேல் உரசித்தான் ஓடுகிறது, இன்றைய சாதாரண ஆயிலில் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டதால் அந்த உரசலுக்குப் பாதுகாப்பு போதாது, பழைய கார்களுக்கென்று வரும் துத்தநாகம் அதிகமான ஆயிலை வாங்குங்கள். புது கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே சுமார் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் விடாமல் ஓட்ட வேண்டும், ஐடிலிங்கில் விட்டால் புது கேமும் போய்விடும்.

முன்பக்கக் கரகரவுக்கு டைமிங் செயினைச் சந்தேகியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க்கை ஒரு பக்கம் திருப்பி ரோட்டார் அசையும்வரை கொண்டுபோய், பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ரோட்டார் மறுபடி அசைவதற்குள் கிராங்க் பத்து டிகிரி போய்விட்டால் செயின் தொங்குகிறது. அந்தக் காலத்து அமெரிக்க வி8 பலவற்றில் கேம் கியரின் பற்களுக்கு நைலான் போட்டிருந்தார்கள், வயதானால் அது துண்டு துண்டாக உடைந்து ஆயில் பேனில் விழுந்து பம்பின் சல்லடையை அடைக்கும். செயினை மாற்றும்போது பற்கள் குறைந்திருந்தால் அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று கேட்டு பேனையும் இறக்கிவிடுங்கள்.

சூடாகிறது, அல்லது சூடாவதாக மீட்டர் சொல்கிறது

முதலில் மீட்டரை நம்பலாமா என்று முடிவு செய்யுங்கள். டாஷ்போர்டு மீட்டர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் உட்கார்ந்து 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து சராசரியாக 5 வோல்ட் ஆக்குகிறது. டெம்பரேச்சர் மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் ஒரே நேரத்தில் சேர்ந்து மேலே ஏறினால் கெட்டது ரெகுலேட்டர், எஞ்சின் அல்ல. தெர்மோஸ்டாட் மூடியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையிலேயே சூடானால், எப்போது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடானால் காற்றோட்டம்: ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய மூடி. வேகமாகப் போகும்போது மட்டும் சூடானால் நீரோட்டம்: ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போவது. பிளாக்கின் இரண்டு பக்கமும் டிரெயின் பிளக் இருக்கிறது, அதைத் திறந்தால் ஒன்றுமே வராமல் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்துங்கள், துருச் சேறு கொட்டும். ரேடியேட்டரை மட்டும் மாற்றி பிளாக்கைக் கழுவாமல் விட்டால் அந்தச் சேறு புது ரேடியேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்பார்க் விழும் நேரமான டைமிங் பின்தங்கினாலும் சூடாகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிங்கில் பிஸ்டன் உச்சிக்கு 6 டிகிரி முன்னால் வைக்க வேண்டும். டைமிங் லைட் அடித்துச் சரியாக 6 வைத்தும் எஞ்சின் சோம்பலாக இருந்தால் டைமிங் குறியையே சந்தேகப்படுங்கள். கிராங்க்கின் முன் முனையில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரின் வெளி வளையம் ரப்பரால்தான் ஒட்டியிருக்கிறது, ரப்பர் செத்தால் வளையம் நழுவி, குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சியில் கொண்டு நிறுத்தி, குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது

கார் ஓடுகிறதே என்று தெருவுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் முழுசாக முடியாமல் வீட்டு வாசல்கூடத் தாண்டக் கூடாது, இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகியே இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி சக்கரம் உடனே விடுதலையானால் கோளாறு ரப்பர் ஹோஸில், உள்சுவர் வீங்கி, போகும் ஃப்ளூயிட்டை விட்டுத் திரும்பி வருவதை மறிக்கிறது. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் வீல் சிலிண்டர் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள். ஒரு ஹோஸ் போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஃப்ளூயிட் டாட் 3.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், முகக்கவசம் கட்டாயம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள், மாட்டும்போது பார்த்துச் செய்ய ஒரு மாதிரி வேண்டும். லைனிங் குட்டையாக இருக்கும் ஷூ முன்பக்கம். இடது வலது அட்ஜஸ்டர்கள் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது.

65, 66 மாடல் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை, ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. 67 முதல் இரட்டை அறை. பழமை மாறக் கூடாது என்று எல்லாவற்றிலும் பிடிவாதமாக இருங்கள், இதில் மட்டும் இரட்டை அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிகிறது

ஹெட்லைட் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சர்க்யூட் பிரேக்கர் இருக்கிறது, சூடானால் துண்டித்து, ஆறினால் சேர்க்கும். கூடுதல் வெளிச்சத்துக்காக யாராவது அதிக வாட் பல்பு போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஹெட்லைட் கரண்ட் மொத்தமும் அந்த சுவிட்ச் வழியாகத்தான் போகிறது, ரிலே போட்டு அதன் சுமையைக் குறைப்பது நல்ல காரியம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் வராவிட்டால் ஆல்டர்னேட்டரை மாற்றும் முன் அதன் வெளி ரெகுலேட்டரின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள்.

கதவு தொங்குகிறது

கதவைப் பாதி திறந்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது, மாற்றினால் முடிந்தது. ஆட்டமே இல்லாமல் கதவு இடைவெளி மட்டும் மேலே ஒடுங்கியும் கீழே அகலமாகவும் இருந்தால் பாடியே வளைகிறது, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலும் தரையும் சேரும் இடத்தில் துரு தின்றுவிட்டது. தரையை வெட்டும் முன் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு செய்து இறுக்கிக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டிபிளுக்கு இது இல்லாமல் வெட்டவே கூடாது, பிறகு கதவு எந்தக் காலத்திலும் மூடாது.

மழை பெய்தால் உள்ளே தண்ணீர்

எங்கள் பெரியம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் "மழைக்காலத்தில் என் கால் பக்கம் மிதியடி எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதும், 65-68 மஸ்டாங்கின் மிக மோசமான நோய் அது.

முதலில் ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசமும் இருந்து, கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் புகை மாதிரி படிந்தால் அது ஹீட்டர் கோர் கசிவு. வெறும் தண்ணீர் என்றால் கௌல். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் பிளவுகள் இருக்கின்றனவே, அவற்றின் அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒரு தொட்டி மாதிரி செய்திருக்கிறார்கள். அதன் அடித்தகட்டில் உள்ளே காற்று போக இரண்டு ஓட்டை, தண்ணீர் போகாதபடி ஓட்டையைச் சுற்றி உயர்ந்த காலர். வருடக்கணக்காக இலைச் சருகு விழுந்து மக்கி, ஈரம் பிடித்து, அந்தக் காலர்களின் வேரையே அரித்துவிடும். அப்புறம் மழைநீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு, அங்கிருந்து தரைத் தகட்டுக்கு. தரைத் துருவுக்குப் பெரும்பாலும் காரணம் கீழே இருந்து வந்த உப்பு மட்டுமல்ல, மேலிருந்து வந்த இந்தத் தண்ணீரும்தான். கௌலைச் சரிசெய்யாமல் புதுத் தரை வெல்டு செய்வது வீண் செலவு.

கார்ப்பெட்டை எடுத்துவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு ஒருவர் படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் ஒரு பக்கத்துப் பிளவில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும், பிறகு மறுபக்கம். எங்கே சொட்டுகிறது என்று கண்ணால் பார்த்துச் சாக்பீஸால் குறியுங்கள். சொட்டு லேசாக இருந்தால் பிளவு வழியாகச் சருகை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி, நன்றாகக் காயவிட்டு, காலரைச் சுற்றி சீலர் பூசிச் சில வருடம் ஓட்டலாம். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் காலர்களும் விற்கிறார்கள். ஆனால் அது தற்காலிகம், அடியில் துரு நடந்துகொண்டேதான் இருக்கும்.

நிரந்தர வேலை பெரியது: ஃபெண்டர்கள், பானெட் கீல், வைப்பர் எல்லாம் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் டிரில் போட்டு எடுத்து, தகட்டை வளைக்காமல் தூக்க வேண்டும். பெயின்ட் வேலைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், முன்கண்ணாடியை எடுத்துவிடுவது நல்லது, பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி விழும். புது அடித்தகட்டை வெல்டு செய்து, சேரும் ஓரங்களில் சீலர் பூசிக் காய்ந்த பிறகு மேல் தகட்டை உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு ஓரத்து வடிகால்களையும் துணியால் அடைத்து, காலரின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்றால் துணியை உருவுங்கள், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிந்தால் மேல் தகட்டை மூடலாம். ஒரு பக்கம் தேங்கினால் அந்த வடிகாலை ஃபெண்டர் பக்கத்திலிருந்து சுத்தம் செய்துவிட்டு மறுபடி நிரப்பிப் பாருங்கள்.